செஸ்ட்நட் கொட்டையைக் கீறிச் சுடுவது ஏன்?

பாதாமும் அக்ரூட்டும் எண்ணெய்ச் சத்தையே பெரும் ஆஸ்தியாகக் கொண்டிருக்க, அவற்றோடு சேர்த்து எண்ணப்படும் செஸ்ட்நட் கொட்டையிலோ கொழுப்பு நூற்றுக்கு 2 பங்கு அளவே இருந்து, ஏறக்குறையப் பாதி நீரும், மீதியில் பெரும்பகுதி மாவுச்சத்துமாக அமைந்திருப்பதால், சுபாவத்தில் அது தானியத்துக்கே நெருங்கிய உறவாகும். கொட்டைகளில் அபூர்வமான வைட்டமின் சி-யும் இதில் உண்டு.

கீறலுக்குக் காரணம் அந்த நீரே. தடித்த பழுப்பு ஓட்டுக்குள் அடைபட்ட ஈரம் அனலில் ஆவியாகி, வெளியேற வழி காணாமல் அழுத்தம் பெருகி, கடைசியில் கொட்டையையே வெடித்துச் சிதறச் செய்துவிடும்; கத்தி முனையால் இட்ட சிறு கீறலோ ஆவிக்கு வாசலாகி, சூட்டில் விளிம்பு சுருண்டு விரிந்து, உரிப்பதற்கும் ஏதுவாகிறது. உள்ளே ஒட்டியிருக்கும் மெல்லிய தோல் டானின் மிகுந்து துவர்ப்பதாகையால், விரல் சுட்டாலும் ஆறுமுன் உரித்துவிடுவதே உத்தமம். ஆறினால் பருப்பை மறுபடி பற்றிக்கொள்ளும்.

கோதுமை செழிக்காத மலைச்சரிவுகளில், பிரான்ஸின் செவென் பிரதேசத்திலும் கோர்சிகாத் தீவிலும், ஜனங்கள் பல நூற்றாண்டுகள் செஸ்ட்நட் மரத்தையே நம்பி ஜீவித்தனர். ஈரக்கொட்டை விரைவில் பூஞ்சை பிடிக்குமாதலால், சிறு கல்வீட்டின் கீழ்த்தளத்தில் புகையும் தீயை மூட்டி, மேலே மரச்சட்டங்களின்மீது கொட்டைகளைப் பரப்பி, வாரக்கணக்கில் உலர்த்தி, ஓடு நொறுங்க அடித்து, மாவாக அரைத்து வைத்துக்கொண்டனர். இனிப்பும் புகைமணமும் கலந்த அந்த மாவில் குளூட்டன் இல்லாமையால் ரொட்டி உப்பி எழாது. ஆகவே கோர்சிகர் அதைக் கொதிநீரில் கொட்டி, மரத்துடுப்பால் விடாது கிளறி, கெட்டிக் களியாக்கித் துண்டு போட்டு உண்பார்கள். இத்தாலியின் டஸ்கனியிலோ ஆலிவ் எண்ணெயும் ரோஸ்மேரி இலையும் உலர்திராட்சையும் சேர்த்து, புளிக்க வைக்காமலே தட்டையாகச் சுட்டெடுப்பார்கள்.