இயங்குதளமும் வன்பொருளும்: திருவள்ளூர் மாவட்ட மடிக்கணினிகளை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

கணினியின் வன்பொருள் பழுதின்றி இருப்பினும், இயங்குதளத்தின் ஆதரவு நின்றுவிட்டால் அது பயன்பாட்டிலிருந்து விலக நேர்கிறது. இவ்விணக்கம் எவ்வடுக்குகளில் அமைகிறது, எங்கே முறிகிறது, தமிழ் ஆய்வாளர்க்கு அதனால் விளைவது யாது என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: இயங்குதளம், வன்பொருள், இயக்கி நிரல், பாஸ் லினக்ஸ், ஒருங்குறி.

முன்னுரை

தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூர் மாவட்டத்தில் தொடங்கிவைக்கப்பெற்றது. கொள்முதலை எல்காட் நிறுவனம் மேற்கொண்டது. ஆரணி, பொன்னேரி, கும்மிடிப்பூண்டி வட்டாரத்து உழவர், மீனவர், தொழிற்பேட்டைத் தொழிலாளர் குடும்பங்கள் பலவற்றுக்கு அதுவே முதற் கணினி. தொடக்க காலக் கணினிகளில் விண்டோஸ், பாஸ் லினக்ஸ் ஆகிய இரண்டும் நிறுவப்பெற்றிருந்தன. பின்னது டெபியனை அடிப்படையாகக் கொண்டு சி-டாக் நிறுவனம் உருவாக்கிய இந்திய இயங்குதளமாகும். விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரி 14-லும், விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-லும் முடிவுற்றன. இந்நிலையில் அக்கணினிகளைக் கழிப்பதா, வேறு இயங்குதளத்திற்கு மாற்றுவதா என்னும் வினா எழுகிறது.

இணக்கத்தின் அடுக்குகள்

இணக்கம் மூன்று அடுக்குகளில் அமைகிறது. முதலாவது, நுண்செயலியின் கட்டளைத் தொகுதி. 64 பிட்டு இயங்குதளம் 32 பிட்டு நுண்செயலியில் இயங்காது. இரண்டாவது, கணினியைத் தொடக்கிவைக்கும் நிலைபொருள். பழைய கணினிகளில் பயாசும் புதியவற்றில் யு.இ.எஃப்.ஐ.யும் இப்பணியைச் செய்கின்றன. மூன்றாவது, இயக்கி நிரல். அச்சுப்பொறி, ஒலி அட்டை, வைஃபை போன்ற ஒவ்வொரு கருவியின் மொழியையும் கெர்னல் எனப்படும் கருநிரலுக்கு உணர்த்துவது இதுவே. முதலிரண்டும் பொருந்தி மூன்றாவது பொருந்தாவிடில், கணினி இயங்கும், கருவி இயங்காது.

முறிவுகள் இருவகை

முதல்வகை முறிவு, தயாரிப்பாளர் விதிக்கும் வரம்பால் நேர்வது. 2021 அக்டோபரில் வெளியான விண்டோஸ் 11-க்கு 4 ஜிபி நினைவகம், 64 ஜிபி சேமிப்பகம், டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு ஆகியன வேண்டும். இன்டெல் நுண்செயலிகளுள் சில விலக்குகள் நீங்கலாக எட்டாம் தலைமுறையும் அதற்குப் பிந்தியனவுமே ஏற்கப்பெறும். அத்தலைமுறை 2017-இல்தான் அறிமுகமாயிற்று. எனவே, அதற்கு முன்னர் வழங்கப்பெற்ற மடிக்கணினிகள் நல்ல நிலையில் இருப்பினும் இவ்வரம்புக்குள் வாரா.

இரண்டாம் வகை, இயக்கி நிரல் புதுப்பிக்கப்படாமையால் நேர்வது. விண்டோஸ் 11 64 பிட்டுப் பதிப்பாக மட்டுமே வெளிவருகிறது. 32 பிட்டு இயக்கி நிரலை அது ஏற்பதில்லை. தொழிற்கூட எந்திரமொன்றின் கட்டுப்பாட்டு அட்டைக்கு அதன் தயாரிப்பாளர் பழைய இயக்கி நிரலை மட்டுமே விட்டுச் சென்றிருந்தால், எந்திரம் உழைக்கும்வரை பழைய இயங்குதளத்தையும் காத்தாக வேண்டும். அத்தகைய கணினியை இணையத்தினின்று பிரித்து வைத்தலே பாதுகாப்பு.

லினக்ஸ் வழி

லினக்சில் பெரும்பாலான இயக்கி நிரல்கள் கருநிரலின் மூலநிரலுடன் சேர்த்தே பேணப்பெறுகின்றன. ஆதலால், தயாரிப்பாளர் கைவிட்ட கருவியும் நெடுங்காலம் இயங்க வாய்ப்புண்டு. வைஃபை போன்ற சில கருவிகளுக்குத் தனி நிலைபொருட் கோப்புகள் தேவை. 2023-இல் வெளியான டெபியன் 12 முதல் அவை நிறுவல் ஊடகத்திலேயே இடம்பெறுகின்றன. எனினும் லினக்சிலும் இணக்கத்திற்கு எல்லை உண்டு. 2025-இல் வெளியான டெபியன் 13-ஐ 32 பிட்டு இன்டெல் கணினிகளில் புதிதாக நிறுவ இயலாது. அக்காலக் கணினிகளில் பரவலாக இருந்த 2 ஜிபி நினைவகத்திற்கு எக்ஸ்எஃப்சிஇ போன்ற எளிய முகப்புச் சூழலே ஏற்றது.

தமிழ் ஆய்வும் இணக்கமும்

இயங்குதள மாற்றத்தில் தமிழ் ஆய்வாளர் கருத வேண்டிய தனிச்சிக்கல் ஒன்றுண்டு. ஒருங்குறி பரவும் முன்னர்த் தட்டச்சான ஆய்வேடுகள் பல, வானவில், பாமினி போன்ற எழுத்துருக்களின் தனிக் குறியேற்றங்களில் உள்ளன. உரிய எழுத்துரு இல்லாத கணினியில் அவை பொருளற்ற ஆங்கிலக் குறிகளாகவே தோன்றும். என்.எச்.எம். ரைட்டர் போன்ற உள்ளீட்டு மென்பொருள்கள் விண்டோசுக்கானவை. லினக்சில் ஐபஸ் வழியாகத் தமிழ்99 விசைப்பலகையைப் பயன்படுத்தலாம். தமிழ்நாடு அரசு 2010-இலேயே ஒருங்குறியைத் தரமாக அறிவித்துள்ளது. ஆகவே, பழைய கணினி இயங்கும்போதே கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றி, மூலப்படியையும் எழுத்துருவையும் சேர்த்துப் பாதுகாத்தல் இன்றியமையாதது.

சோதிக்கும் முறை

மாற்றத்திற்கு முன் தரவுகளைப் படியெடுத்தல் வேண்டும். பின்னர், யு.எஸ்.பி. நினைவகத்திலிருந்தே லினக்சைத் தொடங்கி, வன்தட்டில் எதையும் நிறுவாமல் சோதிக்கலாம். வைஃபை, ஒலி, திரைத் தெளிவு, உறக்கநிலையிலிருந்து மீளுதல், அச்சுப்பொறி ஆகிய ஐந்தும் செயற்பட்டால் நிறுவுதல் தகும்.

முடிவுரை

வன்பொருளின் வலிமையோடு, இயக்கி நிரலைப் பேணுவோரின் முடிவும் ஒரு கணினியின் ஆயுளை வரையறுக்கிறது. கல்லூரிகள் கணினிகளைக் கழிவாக அறிவிக்குமுன் மேற்கண்ட சோதனையை நடத்தின், வேறு கணினி வாங்க இயலாத மாணவர்க்கு ஒரு கருவி எஞ்சும். அதனுள் இருக்கும் தமிழ்க் கோப்புகளும் அழியாமல் நிற்கும்.