சட்டைப்பையில் இருக்கும் கருவி யாருக்கு வேலை செய்யுது?

புதுசா ஒரு செயலி, ஒரு கையடக்கக் கருவி வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டால் அதைத் தொட்டுப் பார்க்காமல் என்னால் இருக்க முடியாது. நம் கூட்டங்களுக்குப் போனால் மதியச் சாப்பாட்டு நேரத்தில் யாராவது பக்கத்தில் வந்து உட்கார்ந்து, போனை நீட்டி, "அண்ணே, இதை வாங்கலாமா?" என்று கேட்பார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "இது உங்களுக்கு எதையாவது காட்டுதா, இல்ல எதையாவது வாங்கச் சொல்லுதா?"

பூச்சியைப் படம் எடுத்தால் பெயர் சொல்லும் செயலிகளை எடுத்துக்கொள்வோம். நம்ம ஆட்கள் அதிகம் பேர் போனில் இறக்கி வைத்திருப்பது இதைத்தான். ஆயிரக்கணக்கான படங்களைக் கணினிக்குக் காட்டிப் பழக்கியிருக்கிறார்கள். நாம் எடுக்கும் படம் அதில் எதோடு ஒத்துப்போகிறதோ அந்தப் பெயரைச் சொல்லும். தெளிவான படமாக இருந்தால் பல நேரம் சரியாகவே சொல்கிறது. சிக்கல் பெயருக்கு அடுத்த வரியில்தான் இருக்கிறது. போன வருஷம் தட்டைப்பயறு கொழுந்தில் அசுவினி அப்பியிருந்ததை ஒரு செயலியில் படம் எடுத்தேன். அசுவினி என்று சரியாகச் சொன்னது. கீழேயே மூன்று ரசாயன மருந்துகளின் பெயர், லிட்டருக்கு எத்தனை மில்லி என்ற அளவு, பக்கத்தில் எங்கே கிடைக்கும் என்ற பொத்தான். பதிவு செய்யும்போது போன் நம்பர் கொடுத்திருந்தேன். ரெண்டு நாளில் மருந்துக்கடையில் இருந்து, "சார், பயிறுல பூச்சியா?" என்று அழைப்பு.

அதே கொழுந்தை, போன் கேமராவில் மாட்டும் கிளிப் லென்ஸ் வைத்துப் பார்த்தேன். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் பொருள், துணி காயப்போடும் கிளிப் மாதிரி இருக்கும். அந்த அசுவினிகளில் பாதி, உப்பிப்போய், பழுப்பு நிறமாக, ஆடாமல் அசையாமல் ஒட்டிக்கொண்டிருந்தன. சிலவற்றின் முதுகில் பஞ்ச் மிஷின் போட்ட மாதிரி வட்டமாக ஒரு ஓட்டை. ஒட்டுண்ணிக் குளவி அசுவினிக்குள் முட்டை வைத்து, அதன் புழு உள்ளேயே தின்று வளர்ந்து, குளவியாகி வெளியே வந்த வழி அது. கொஞ்சம் தள்ளி, சின்ன முதலை மாதிரி கருப்பாக, ஆரஞ்சுப் புள்ளியோடு பொறிவண்டின் புழு. செயலியின் கணக்கில் அந்தச் செடி முழுக்க நோய். லென்ஸின் கணக்கில் அங்கே ஏற்கனவே வேலைக்கு ஆள் வந்தாச்சு. மருந்து அடித்திருந்தால் முதலில் செத்திருப்பது அந்தக் குளவிதான்.

இந்த லென்ஸ் பத்து, இருபது மடங்கு பெரிதாக்கும். அதற்கு மேல் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் ஃபோல்ட்ஸ்கோப் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மனு பிரகாஷ் என்ற இந்தியரும் அவர் மாணவர்களும் செய்த காகித நுண்ணோக்கி. மடித்துச் செய்வது, சட்டைப்பையில் வைக்கலாம், நனைந்தாலும் கெடாது, 140 மடங்கு பெரிதாக்கும். வேரில் ஒட்டிய மண்ணைக் கரைத்து ஒரு சொட்டு வைத்துப் பார்த்தால் நூற்புழு நெளிவது தெரியும். எங்க வீட்டுப் பிள்ளைகள் கிணற்றுத் தண்ணி, குளத்துத் தண்ணி, அமிர்தக் கரைசல் என்று ஒன்றையும் விடவில்லை.

பெயர் தெரிந்தே ஆகணும் என்றால் ஐநேச்சுரலிஸ்ட் என்ற சேவை இருக்கிறது. 2008-ல் கலிஃபோர்னியாவில் மாணவர்கள் தொடங்கியது, இப்போது லாப நோக்கமற்ற அமைப்பாக நடக்கிறது. கணினி முதலில் ஒரு பெயர் சொல்லும்; பிறகு பூச்சி தெரிந்த மனிதர்கள் பார்த்து, ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்வார்கள். பதில் வர ஒரு வாரம்கூட ஆகலாம், வராமலும் போகலாம். ஆனால் கீழே மருந்துப் பொத்தான் கிடையாது.

அடுத்து மண். இணையக் கடைகளில் 'தழை, மணி, சாம்பல் சத்து உடனடி மீட்டர்' என்று விற்கிறார்கள். மூன்று நாலு எஃகுக் குச்சி, மேலே ஒரு திரை. மண்ணில் குத்தினால் நைட்ரஜன் இவ்வளவு, பாஸ்பரஸ் இவ்வளவு, பொட்டாஷ் இவ்வளவு என்று காட்டும். இதில்தான் எனக்குக் கோபம் அதிகம். அந்தக் குச்சிகள் உண்மையில் அளப்பது மண்ணின் மின்கடத்தும் திறனை. அதாவது, ஈர மண்ணில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்பதை. அந்த ஒரு எண்ணை வைத்து ஒரு பெருக்கல் கணக்குப் போட்டு மூன்று சத்துக்கும் மூன்று எண் காட்டுகிறது. நம்பிக்கை இல்லாவிட்டால் ஒரு சோதனை செய்யுங்கள். ஒரு தொட்டி மண்ணை எடுத்து, முதலில் வெறும் தண்ணி ஊற்றிக் குத்திப் பாருங்கள். பிறகு சமையல் உப்பு கரைத்த தண்ணியை ஊற்றிக் குத்துங்கள். மூன்று சத்தும் கிடுகிடுவென ஏறும்.

இது நமக்கு ஏன் பெரிய விஷயம்? பத்து வருஷம் இலைதழையும் தொழுவுரமும் போட்டு வளர்த்த மண்ணில் சத்து பெரும்பகுதி மக்கிலும் நுண்ணுயிரின் உடம்பிலும் கட்டுண்டு இருக்கும். கரைந்த உப்பாகக் கொஞ்சம்தான் இருக்கும். மீட்டருக்கு அது தெரியாது. நல்ல மண்ணில் 'குறைவு' என்று சிவப்பு விளக்கு எரியும். பக்கத்து வயலில் நேற்று ரசாயன உரம் போட்டவருக்கு எண் ஏறும். இயற்கைக்கு மாறி ரெண்டாம் வருஷம், விளைச்சல் கொஞ்சம் சறுக்கி, மனசு ஆடிக்கொண்டிருக்கும் ஒருவர் கையில் இந்த மீட்டரைக் கொடுத்தால் என்ன நடக்கும்? நேராக உரக்கடைக்குத்தான் போவார். மண் பரிசோதனை வேண்டும் என்றால் ஆய்வகத்துக்கு அனுப்புங்கள், கரிமச் சத்து எவ்வளவு என்று மறக்காமல் கேளுங்கள்.

அதே மின்கடத்தலை அளக்கும் டிடிஎஸ் மீட்டரைக் கிணற்றுத் தண்ணிக்கு வைத்தால் அது நேர்மையான கருவி. பேனா அளவு, சில நூறு ரூபாய். சித்திரையில் ஒரு தடவை, மழை முடிந்து ஒரு தடவை அளந்து எழுதி வைத்தால், கிணறு உப்பாகிக்கொண்டு போகிறதா என்பது மூன்று வருஷத்தில் தெரிந்துவிடும். என்ன உப்பு என்று அது சொல்லாது.

விதை வைத்திருப்பவர்களுக்கு நான் தயங்காமல் சொல்லும் ஒரே கருவி தானிய ஈரப்பத மீட்டர். நெல் விதைக்கு 13 சதவீதம், பயறு வகைக்கு 9 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருக்கக்கூடாது என்பது விதைச் சான்று அளவுகோல். ஈரம் ஒவ்வொரு சதவீதம் குறையும்போதும் விதையின் சேமிப்புக் காலம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும் என்று ஹாரிங்டன் என்ற விதை அறிஞர் சொன்ன கணக்கு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. நம் பெரியவர்கள் பல்லில் கடித்து, 'கட்'டென்று ஒடியுதா என்று பார்ப்பார்கள். கடித்துப் பார்த்துவிட்டு மீட்டரிலும் போட்டுப் பாருங்கள். ஒரு பருவம் இப்படிச் செய்தால் பல்லே மீட்டர் ஆகிவிடும். விலை ஆயிரக்கணக்கில் வரும் என்பதால் தனியாக வாங்க வேண்டாம். ஒரு விதை வங்கிக்கு ஒன்று போதும்.

வானிலைக்கு வருவோம். விண்டி செயலியைப் பலரும் பார்க்கிறார்கள், நல்லது. அதில் தெரியும் ஐரோப்பிய மாடலின் கட்டம் ஒன்பது கிலோமீட்டர் அகலம். வடகிழக்குப் பருவமழையில் வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் உருவாகி வருவதை மூன்று நாலு நாள் முன்பே பார்க்க அது உதவும். கோடை இடிமழையில் அதை நம்பிக் களத்தில் கடலையைப் பரப்பாதீர்கள். மேல வயலில் கொட்டி கீழ வயலில் தூறாத மழை அது, ஒன்பது கிலோமீட்டர் கட்டத்துக்குள் அடங்காது. அன்றைக்குப் பார்க்க வேண்டியது வானிலைத் துறையின் ரேடார் படம். சென்னை, காரைக்கால் ரேடார் படங்கள் இணையத்தில் இலவசம். அது கணிப்பு இல்லை. மழை இப்போது எங்கே இருக்கிறது என்பதை அப்படியே காட்டுவது. நாலைந்து படத்தை வரிசையாகப் பார்த்தால் மேகம் நம்ம பக்கம் நகருதா, விலகிப் போகுதா என்று நம் கண்ணே சொல்லிவிடும். மின்னல் எச்சரிக்கைக்கு 'தாமினி' செயலி இருக்கிறது, புனேயில் உள்ள வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் செய்தது. மாடு மேய்க்கப் போகிறவர்கள் போனில் அவசியம் போட்டுக் கொடுங்கள்.

பல ஆயிரம் ரூபாய் வானிலை நிலையம் வாங்கலாமா என்று கேட்கிறார்கள். மழை அளக்க அது தேவையே இல்லை. அடியும் வாயும் ஒரே அகலம் உள்ள டப்பாவைத் திறந்த வெளியில் வைத்து, காலையில் ஸ்கேல் விட்டுப் பாருங்கள். ஒரு மில்லிமீட்டர் என்றால் ஏக்கருக்கு ஏறக்குறைய 4,047 லிட்டர்.

போனைக் கையில் பிடித்து வரப்பைச் சுற்றி நடந்தால் பரப்பளவு சொல்லும் செயலிகள் பற்றி ஒரு வரி. போனின் ஜிபிஎஸ் மூன்று முதல் ஐந்து மீட்டர் வரை தள்ளிப்போகும். பத்து சென்ட் சதுர நிலத்தின் ஒரு பக்கமே சுமார் இருபது மீட்டர்தான். விதை அளவு கணக்குப் போட வைத்துக்கொள்ளுங்கள், பங்காளிச் சண்டைக்கு எடுத்துப் போகாதீர்கள்.

விற்பனைச் சேவைகளில் கவனமாக இருக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. 2017-ல் வந்த உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி, ஆண்டு விற்பனை 12 லட்சத்துக்கு மேல் போகாத சிறு உழவர், தன் விளைபொருளை நேரடியாகச் சாப்பிடுகிறவருக்கே விற்றால் இயற்கை விளைபொருள் சான்று கட்டாயம் இல்லை. வாட்ஸ்அப் குழுவில் ஆர்டர் வாங்கி நாமே அனுப்புவது இதில் அடங்கும். அதே அரிசியை ஒரு இணையக் கடை நம்மிடம் வாங்கி, தன் பெயரில் 'ஆர்கானிக்' என்று விற்றால் சான்று வேண்டும். அதற்குப் பங்கேற்பு உத்தரவாத முறை, அதாவது பிஜிஎஸ், நமக்குத் தோதானது. குறைந்தது ஐந்து உழவர் ஒரு குழுவாகச் சேர்ந்து ஒருவர் நிலத்தை ஒருவர் பார்வையிட்டு, விவரத்தை அரசின் பிஜிஎஸ் இணையதளத்தில் ஏற்ற வேண்டும். வயல் குறிப்பேடு கேட்பார்கள். சேற்றுக் கையோடு எழுதவா முடியும்? போனில் தமிழ்க் குரல் தட்டச்சைப் போட்டுப் பேசிவிடுங்கள், ராத்திரி நோட்டில் ஏற்றலாம். நம்ம ஊர்ப் பேச்சை அது கேட்டு எழுதும் அழகு தனிக் கதை.

கடைசியாக, போனிலேயே மோட்டார் போடும் ஸ்டார்ட்டர். மும்முனை மின்சாரம் ராத்திரி ரெண்டு மணிக்கு வருகிற ஊரில் இது பாம்புக்கடியில் இருந்து காப்பாற்றும் கருவி; வாங்குங்கள். ஆனால் கிணற்றடியில் யாராவது மோட்டாரில் கை வைக்கும் முன், மெயின் சுவிட்சை அணைத்து பியூஸைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். வீட்டில் இருக்கிறவர் "தண்ணி பாயலையே" என்று போனை எடுத்து மோட்டாரைப் போட்டுவிட ஒரு நொடி போதும். எங்க வீட்டில் அந்த நம்பர் ரெண்டே போனில்தான் இருக்கிறது.