குருரியோஸா

ஜப்பானின் நாகசாகி வட்டாரத்தில் இகிட்சுகி என்றொரு சிறு தீவு. அங்குள்ள பெரியவர்கள் பாடும் வழிபாட்டுப் பாட்டு ஒன்றின் பெயர் 'குருரியோஸா'. ஜப்பானிய மொழியில் அப்படியொரு சொல் கிடையாது. பாடுகிறவர்களுக்கும் பொருள் தெரியாது. 'ஓ குளோரியோசா' என்று தொடங்கும் லத்தீன் மாதா துதிதான் வாய்வழியே தேய்ந்து இப்படி ஆகியிருக்கிறது. இதைத் துப்புத் துலக்கியவர் மினகாவா தட்சுவோ என்ற இசை ஆய்வாளர்.

ஜப்பானுக்குக் கிறிஸ்தவத்தைக் கொண்டுபோனவர் நம் முத்துக்குளித்துறைப் பரதவர்களிடையே முன்பு பணிசெய்த பிரான்சிஸ் சவேரியார். அவர் அங்கே கரையிறங்கியது 1549இல். 1614இல் நாடு முழுக்கத் தடை வந்தது. குருமார்கள் துரத்தப்பட்டார்கள், பலர் கொல்லப்பட்டார்கள். ஒவ்வொரு குடும்பமும் ஏதாவதொரு புத்தக் கோயிலில் பெயர் பதிந்தாக வேண்டும். நாகசாகியில் ஆண்டுதோறும் இயேசு, மாதா உருவம் பொறித்த தகட்டை மிதித்துக் காட்ட வேண்டும்.

கிறிஸ்தவர்கள் மிதித்தார்கள். வீடு திரும்பி 'கொன்சிரிசான்' என்ற மனவருத்த செபத்தைச் சொல்லி அழுதார்கள். பாவமன்னிப்புத் தரக் குரு இல்லையே! ஆனால் ஞானஸ்நானத்துக்குக் குரு கட்டாயமில்லை, ஆபத்தில் யாரும் கொடுக்கலாம் என்பது திருச்சபை விதி. அந்த ஒரு கதவு போதுமானதாக இருந்தது. தங்களுக்குள் ஒருவரை 'மிசுகதா', அதாவது தண்ணீர்க்காரர், என்று அமர்த்திப் பிள்ளைகளுக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். கையில் குழந்தை ஏந்திய, கன்னோன் என்ற பௌத்தக் கருணைத் தெய்வத்தின் சிலையை மாதாவாக வணங்கினார்கள். சாவு வீட்டில் பிக்கு சூத்திரம் ஓதும்போது, பக்கத்து அறையில் ஒருவர் அதை அழிக்கும் செபத்தை முணுமுணுப்பார். ஒரே கூரையின் கீழ் ஊருக்கொரு சடங்கு, உயிருக்கொரு சடங்கு. இருநூறு ஆண்டுக்கு மேல் இப்படியே கழிந்தது.

1865 மார்ச் 17. நாகசாகியில் வெளிநாட்டவர்க்கெனப் புதிதாகக் கட்டிய ஓவுரா தேவாலயத்துக்கு உரகாமி கிராமத்தார் சிலர் வந்தார்கள். பெத்திஜான் என்ற பிரெஞ்சுக் குருவிடம் ஒரு பெண், தங்கள் உள்ளமும் அவர் உள்ளமும் ஒன்றே என்று மெல்லச் சொன்னாள். மாதா சிலை எங்கே என்று கேட்டாள். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கும். வெளிப்பட்டதற்கு விலையும் கொடுத்தார்கள்: உரகாமி மக்கள் மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டு ஜப்பானின் பல ஊர்களில் சிறைவைக்கப்பட்டார்கள். தடை விலகியது 1873இல்தான்.

அதன்பின் பலர் திருச்சபைக்குத் திரும்பினார்கள். ஆனால் எல்லோரும் போகவில்லை. போனால் முன்னோர் தந்த செபங்களைத் திருத்த வேண்டும், அவர்கள் வைத்துப்போன சடங்குகளை விட வேண்டும். உயிரைப் பணயம் வைத்துக் காத்துத் தந்தவர்களைக் கைவிட அவர்களுக்கு மனம் வரவில்லை.

இகிட்சுகியில், கிமோனோ உடுத்திய மாதா குழந்தையை ஏந்தியிருக்கும் திரைச்சீலை ஓவியங்கள் தடை நீங்கிய பிறகும் வீட்டின் உள்ளறையிலேயே இருந்தன.