உங்களுக்குத் தெரியுமா? அமில வயலில் தழைச்சத்து

கேரளத்தின் குட்டநாட்டில் கடல்மட்டத்துக்குக் கீழுள்ள வயல்களிலும் நெல் விளைகிறது. அங்குள்ள கரிநிலங்களில் இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைட் புதைந்திருக்கிறது. வயல் காய்ந்து காற்று புகுந்தால் அது சிதைந்து கந்தக அமிலத்தை உண்டாக்கும், மண்ணின் பி.எச். 4-க்கும் கீழே இறங்கிவிடும்.

இத்தகைய மண்ணில் யூரியா இட்டால் முதலில் அமிலம் கூடுவதில்லை, தணிகிறது. யூரியேஸ் என்னும் நொதி அதை அம்மோனியம் கார்பனேட்டாக மாற்றுவதே காரணம். அம்மோனியத்தை நைட்ரேட்டாக்கும் பாக்டீரியாக்களுக்கு அமிலம் ஒவ்வாது. ஆகவே அடுத்த மாற்றம் மெதுவாகவே நடக்கும். நெல்லுக்கு இதனால் நட்டமில்லை, அது அம்மோனியத்தை விரும்பியே உறிஞ்சும். நைட்ரேட்தான் தங்காது: ஆக்சிஜன் இல்லாத சேற்றில் நைட்ரஜன் வாயுவாகிக் காற்றோடு போய்விடும்.

அமில மண்ணில் அம்மோனியா ஆவியாவது குறைவு என்பது பாதி உண்மையே. வயலில் நிற்கும் நீரில் பாசி படர்ந்தால், நண்பகலில் அது கரியமில வாயுவை உறிஞ்சுவதால் நீரின் பி.எச். 9-ஐத் தாண்டலாம். மேலாகத் தூவிய யூரியாவில் ஒரு பங்கு அங்கே வீணாகும். சேற்றுக்குள் ஆழமாக வைத்தது தப்பும்.

அம்மோனியம் சல்பேட்டின் கதை வேறு. அதிலுள்ள 1 கிலோ தழைச்சத்து உண்டாக்கும் அமிலத்தைச் சமன்செய்ய ஏறத்தாழ 5.4 கிலோ சுண்ணாம்புக்கல் வேண்டும், யூரியாவுக்கு 1.8 கிலோ போதும். கூடவே வரும் சல்பேட், நீர் தேங்கிய சேற்றில் சல்பைடாகிறது. இரும்பு பிணைத்துக்கொண்டது போக மீந்தது ஹைட்ரஜன் சல்பைடாக நின்று வேர்களைத் தாக்கும். ஏற்கெனவே கந்தகம் மிகுந்த கரிநிலத்துக்கு இந்த உரம் ஏற்றதன்று.