கொப்புளம் ஆறிவிட்டது, கை ஏன் சிவக்கிறது?

உதட்டோரம் நீர் கோத்த சிறு கொப்புளங்கள் வருகின்றன. சில நாட்களில் காய்ந்து உதிர்ந்தும் விடுகின்றன. ஓரிரு வாரம் கழித்து இரு புறங்கைகளிலும் வட்ட வட்டமாகத் தடிப்புகள். இரண்டுக்கும் தொடர்பு இருக்கும் என்று பலருக்கும் தோன்றுவதில்லை. தோல் மருத்துவரோ, “சமீபத்தில் உதட்டில் கொப்புளம் வந்ததா?” என்றுதான் முதலில் விசாரிப்பார்.

இந்தத் தடிப்புக்கு ‘எரித்தீமா மல்டிஃபார்மே’ என்று பெயர். வியன்னா மருத்துவர் ஃபெர்டினாண்ட் ஃபான் ஹெப்ரா 1860களிலேயே இதை விவரித்திருக்கிறார். நடுவே கருஞ்சிவப்புப் புள்ளி அல்லது கொப்புளம், அதைச் சுற்றி வெளிறிய வளையம், வெளியே இன்னொரு சிவப்பு வளையம் என மூன்று அடுக்காக, அம்பு எய்யும் இலக்குப் பலகை போலத் தெரியும். மாநிறத்திலும் கருநிறத்திலும் சிவப்பு எடுப்பாகத் தெரியாது. ஊதா அல்லது அடர்பழுப்பாக இருக்கும்.

கையில் நடப்பது என்ன?

இதற்கு மிக முக்கியமான காரணம் ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸ். உதட்டுப் புண்ணை உண்டாக்குவதும் அதுவே. ஆனால் கைத் தடிப்பில் உயிருள்ள வைரஸை வளர்த்தெடுக்க முடிவதில்லை. பிசிஆர் சோதனையில் அதன் மரபணுத் துணுக்குகள்தான் அகப்படுகின்றன. ரத்த அணுக்கள் சுமந்துவந்த அந்தத் துணுக்குகள் தோல் செல்களில் தங்கி, வைரஸின் புரதத்தை உருவாக்குகின்றன. அதை எதிரியாகக் கண்டுகொள்ளும் டி செல்கள் என்ற நோயெதிர்ப்பு அணுக்கள் அங்கே குவிந்து, இன்டர்ஃபெரான் காமா என்ற வேதிப்பொருளைச் சுரக்கின்றன. தோல் வீங்கிச் சிவப்பது இந்தத் தாக்குதலால்தான்.

சின்னம்மையில் கொப்புள நீரிலேயே வைரஸ் இருக்கிறது. அதனால் பிறருக்குத் தொற்றும். எரித்தீமா தடிப்பைத் தொட்டால் தொற்றாது. உதட்டுப் புண் தொற்றும்.

ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸ் உடலை விட்டுப் போவதில்லை. நரம்பு முடிச்சில் ஒளிந்திருந்து, வெயில், காய்ச்சல், உடல் அயர்ச்சி போன்ற சமயங்களில் தலைதூக்கும். கூடவே தடிப்பும் திரும்பலாம். அடிக்கடி வருபவர்களுக்கு வைரஸ் தடுப்பு மருந்தை மருத்துவர்கள் மாதக்கணக்கில் தருவது அதனால்தான்.

காணாக்கடியும் ஒவ்வாமைப் பழியும்

குழந்தைகளுக்குச் சளிக்காய்ச்சலோடு திடீரென வரும் காணாக்கடிக்குப் பெரும்பாலும் வைரஸ் தொற்றே காரணம். பழியோ முந்தின நாள் சாப்பிட்ட முட்டை மீதோ மாத்திரை மீதோ விழும். ஒரு தடிப்பைச் சுற்றிப் பேனாவால் கோடு போட்டுப் பாருங்கள்: காணாக்கடியானால் 24 மணி நேரத்துக்குள் அந்த இடத்தில் மறைந்து, வேறிடத்தில் எழும்பும்.

எப்ஸ்டீன்-பார் வைரஸால் தொண்டை வலியும் கழுத்தில் நெறிகட்டலும் வரும்போது அமாக்ஸிசிலின் கொடுத்தால், சிலருக்கு உடல் முழுக்கத் தடிப்பு பரவும். அப்படி வந்தவர் எல்லோருக்கும் வாழ்நாள் பெனிசிலின் ஒவ்வாமை இருப்பதாகக் கொள்ள முடியாது. அதை மருத்துவர் சோதித்துச் சொல்ல வேண்டும்.

படர்தாமரை அல்ல

பிட்டிரியாசிஸ் ரோசியா என்ற தோல் நோயில் முதலில் மார்பிலோ முதுகிலோ ஒரு பெரிய வட்டம் வரும். ஓரிரு வாரத்தில் சிறு நீள்வட்டங்கள் உடம்பெங்கும் பரவும். உடலில் உறங்கிக் கிடக்கும் ஹெர்பிஸ் 6, 7 வகை வைரஸ்கள் விழித்துக்கொள்வதோடு இதைத் தொடர்புபடுத்துகிறார்கள். படர்தாமரையில் செதில் வெளி ஓரத்தில் இருக்கும்; இதில் ஓரத்துக்குச் சற்று உள்ளே மெல்லிய விளிம்பாக நிற்கும். பெரும்பாலும் 6 முதல் 8 வாரத்தில் தானாக மறைந்துவிடும். படர்தாமரை என்று நினைத்து மருந்துக்கடையில் ஸ்டீராய்டு கலந்த களிம்பை வாங்கித் தடவுவதால் பயனில்லை. உண்மையிலேயே படர்தாமரையாக இருந்தால் அந்தக் களிம்பு அதை இன்னும் பரவவிடும். செதிலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்தாலே பூஞ்சை உண்டா என்று தெரிந்துவிடும்.

எப்போது தாமதிக்கக் கூடாது?

வாய், கண், பிறப்புறுப்பில் புண், தோல் எரிந்து உரிதல், மூச்சுத் திணறல், முகமோ நாக்கோ வீங்குதல், கண்ணாடித் தம்ளரை வைத்து அழுத்தியும் மறையாத புள்ளிகளோடு காய்ச்சல்: இவற்றில் எது இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். புதிய மருந்து தொடங்கிய சில வாரங்களுக்குள் என்றால் இன்னும் அவசரம்.

மற்றபடி, தடிப்பு வந்த அன்றே தேதியோடு படம் எடுத்து வையுங்கள். கடந்த ஒரு மாதத்தில் வந்த காய்ச்சல், உதட்டுப் புண், விழுங்கிய மாத்திரைகள் எல்லாவற்றையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். தோலில் தெரிவதன் காரணம் பெரும்பாலும் அந்தப் பட்டியலில்தான் இருக்கும்.