வாழ்க்கை வரலாற்று வாசிப்பும் நம்பிக்கை உருவாக்கமும்: கிறித்தவ அடியார் வரலாறுகளை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

கிறித்தவ அடியார் வரலாறுகள் தமிழாய்வில் பெரும்பாலும் அச்சு வரலாற்றுக்கும் உரைநடை வளர்ச்சிக்கும் உரிய சான்றுகளாகவே நோக்கப்பட்டு வந்துள்ளன. அவை எழுதப்பெற்றதன் முதன்மை நோக்கமான நம்பிக்கை உருவாக்கம் போதிய கவனம் பெறவில்லை. அடியார் வரலாற்றை வாசிப்பவரின் உள்ளத்தில் நிகழ்வது யாது என்னும் வினாவை அகுஸ்தீனார், இஞ்ஞாசியார், தேவசகாயம் ஆகியோரின் வாழ்வை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது. பெரியபுராண மரபும் ஒப்புநோக்கப்படுகிறது.

திறவுச்சொற்கள்: அடியார் வரலாறு, வாசிப்பு, நம்பிக்கை, இஞ்ஞாசியார், அண்டிரிக் அடிகளார், பெரியபுராணம், பின்பற்றல்.

முன்னுரை

தமிழ் அச்சு வரலாற்றை எழுதுவோர் 1586ஆம் ஆண்டில் புன்னைக்காயலில் அச்சேறிய ‘ஃப்ளோஸ் சாங்க்தோரும்’ என்னும் நூலைக் குறிப்பிடாமல் விடுவதில்லை. ‘புனிதர்களின் மலர்’ எனப் பொருள்படும் இலத்தீன் தலைப்பைக் கொண்ட இந்நூலை ஆக்கியவர் அண்டிரிக் அடிகளார். போர்ச்சுகல் நாட்டில் 1520இல் பிறந்து, 1546இல் இந்தியா வந்து, 1600இல் மறையும்வரை முத்துக்குளித்துறை மக்களிடையே பணியாற்றிய இயேசு சபைத் துறவி அவர். 1578இல் கொல்லத்தில் 16 பக்க அளவில் வெளிவந்த ‘தம்பிரான் வணக்க’த்துக்கும் உரியவர் அவரே. புனிதர்களின் வாழ்வைத் தமிழ் உரைநடையில் விரித்துரைக்கும் 1586ஆம் ஆண்டு நூலைச் ச. இராசமாணிக்கம் 1967இல் ‘அடியார் வரலாறு’ எனத் தமிழ்ப்பெயர் இணைத்துப் பதிப்பித்தார்.

இந்நூலின் எழுத்து வடிவம், பேச்சுவழக்குக் கூறுகள், போர்ச்சுக்கீசியக் கடன்சொற்கள் ஆகியன ஆய்வுக்கு உள்ளாகியுள்ளன. ஆயினும், செபங்களையும் மறைக்கல்வியையும் அச்சிட்டளித்த பின்னர் அண்டிரிக் அடிகளார் தம் உழைப்பை வாழ்க்கை வரலாறுகளின்பால் திருப்பியது ஏன் என்னும் வினா எஞ்சி நிற்கிறது. நம்ப வேண்டுவன இவை என்பதை மறைக்கல்வி நூல் வரையறுத்துவிட்டது. அதற்கு மேலும் அடியார் வாழ்வு எதற்கு? இவ்வினாவுக்கான விடையை அவர் சார்ந்திருந்த சபையின் தோற்றத்திலேயே காணலாம்.

வாசிப்பில் பிறந்த சபை

1521ஆம் ஆண்டு மே மாதம் பம்பலோனா கோட்டையைக் காக்கும் போரில் பீரங்கிக் குண்டால் கால் சிதைந்த இஞ்ஞாசியார் லொயோலா மாளிகையில் படுக்கையுற்றார். பொழுதுபோக்குவதற்கு அவர் கேட்டவை வீரர்களின் காதலையும் போரையும் பாடும் வீரகதை நூல்கள். அவை அவ்வீட்டில் இல்லாமையால், சாக்சனியின் லுடோல்ஃப் எழுதிய கிறித்துவின் வாழ்க்கையும் காஸ்தீலிய மொழியிலமைந்த ஒரு ‘ஃப்ளோஸ் சாங்க்தோரும்’ நூலும் அவரிடம் தரப்பட்டன. இந்நூலும் புன்னைக்காயல் நூலும் ஒன்றல்ல. எனினும், இரண்டும் ஒரே பெயரைத் தாங்கி ஒரே இலக்கிய வகையைச் சார்ந்தவை. படுக்கையில் கிடந்த ஒரு போர்வீரரை மாற்றிய நூல்வகையே, அவர் நிறுவிய சபையைச் சார்ந்த ஒருவரால் முத்துக்குளித்துறைக்கு வந்து சேர்ந்தது.

தம் வாழ்வின் இறுதிக்காலத்தில், 1553 முதல் 1555 வரை, இஞ்ஞாசியார் கொன்சால்வஸ் தா காமரா என்னும் துறவியிடம் தம் வரலாற்றை எடுத்துரைத்தார். அதில் இவ்வாசிப்பின் விளைவு நுட்பமாக விளக்கப்பட்டுள்ளது. அசிசியின் பிரான்சிசும், தமிழ்க் கத்தோலிக்கர் சாமிநாதர் என வழங்கும் தோமினிக்கும் செய்தவற்றைத் தாமும் செய்தால் என்ன என்னும் எண்ணம் அவருள் எழுந்தது. உயர்குலப் பெண் ஒருத்திக்குச் செய்யவிருந்த வீரப்பணிகளைப் பற்றிய கனவும் இடையிடையே எழுந்தது. இரண்டும் எண்ணும்போது இன்பமளித்தன. ஆனால் எண்ணி முடித்த பின் உலகியற்கனவு வறட்சியை விட்டுச் சென்றது. அடியாரைப் பற்றிய எண்ணம் நீங்கிய பின்னும் மகிழ்வு நிலைத்தது. இவ்வேறுபாட்டை ஒருநாள் அவர் உணர்ந்தார்.

இங்கு இரண்டு செய்திகள் கருதத்தக்கன. முதலாவது, வாசிப்பின் பயன் வாசிக்கும்போது தோன்றும் உணர்ச்சிப் பெருக்கால் அளக்கப்படவில்லை; வாசித்த பின் உள்ளத்தில் எஞ்சுவதால் அளக்கப்பட்டது. இரண்டாவது, அடியார் வரலாறு இஞ்ஞாசியாருக்கு விடையை நேரடியாக வழங்கவில்லை. தம் உள்ளத்தைத் தாமே ஆராயும் வாய்ப்பை வழங்கியது. 1548இல் அச்சான அவருடைய ‘ஆன்மிகப் பயிற்சிகள்’ நூலில் இடம்பெறும் உள்ளத் தூண்டல்களைத் தேர்ந்து தெளியும் நெறிக்கு வித்து இவ்வனுபவமே. பயிற்சியின் இரண்டாம் வாரம் முதல் நற்செய்தி நூல்களோடு புனிதர் வாழ்வையும் அவ்வப்போது வாசித்தல் பயன்தரும் என அந்நூல் பரிந்துரைப்பதும் ஈண்டு நோக்கத்தக்கது.

வாழ்விலிருந்து வாழ்வுக்கு

ஒருவர் வாழ்வு மற்றொருவர் வாழ்வைத் தொடும் இத்தொடர்ச்சி இஞ்ஞாசியாருக்கு ஆயிரத்து நூறாண்டுகளுக்கு முன்னரே பதிவாகியுள்ளது. எகிப்தின் வனத்து அந்தோனியார் வாழ்வை நான்காம் நூற்றாண்டில் அத்தனாசியார் எழுதினார். அவ்வரலாற்றைத் திரியர் நகரில் ஒரு குடிலில் கண்டு வாசித்த அரசு அலுவலர் ஒருவர் வாசித்துக்கொண்டிருக்கும்போதே பதவியைத் துறக்கத் துணிந்தார். உடனிருந்த நண்பரும் அவரைப் பின்பற்றினார். இச்செய்தியைப் பொந்திசியானுஸ் என்பவர் 386இல் மிலான் நகரில் அகுஸ்தீனாரிடம் கூறினார். அதைக் கேட்ட அகுஸ்தீனார், தம்மை மறைத்துக்கொள்ள இடமின்றித் தம் முகத்தைத் தாமே காண நேர்ந்ததாகத் தம் ‘ஒப்புரைகள்’ நூலின் எட்டாம் பகுதியில் உணர்த்துகிறார். அவருடைய மனமாற்றம் இதன் தொடர்ச்சியாகவே அங்கு விவரிக்கப்படுகிறது.

அகுஸ்தீனார் அதற்கு முன்பே கிறித்தவக் கோட்பாடுகளை அறிவளவில் ஏற்கத் தொடங்கியிருந்தார். அவரிடம் குறைவாக இருந்தது கருத்துத் தெளிவு அன்று, செயல்துணிவு. தம்மினும் கல்வி குறைந்தோர் எளிதில் துணிந்த ஒன்றைத் தாம் ஒத்திவைத்து வருவதை அவ்வரலாறு அவருக்குக் காட்டியது. கோட்பாடு ‘இது மெய்யா?’ என்று அறிவை நோக்கி வினவ, வாழ்க்கை வரலாறு ‘உன்னால் இயலாதா?’ என்று விருப்பாற்றலை நோக்கி வினவுகிறது. மறைக்கல்வி நூலுக்குப் பின் அண்டிரிக் அடிகளார் அடியார் வரலாற்றை ஆக்கியதன் தேவையை இவ்வேறுபாடு விளக்குகிறது எனலாம்.

பெரியபுராண ஒப்புமை

தமிழ்ப் பக்தி மரபும் இதனை அறிந்திருந்தது. சோழ மன்னன் சீவகசிந்தாமணியில் ஈடுபட்டிருந்ததைக் கண்ட சேக்கிழார், சிவனடியார் வரலாற்றை எடுத்துரைத்து அவன் உள்ளத்தை மாற்றினார் எனவும், அதன் விளைவே பெரியபுராணம் எனவும் உமாபதி சிவாசாரியார் பெயரால் வழங்கும் சேக்கிழார் புராணம் கூறுகிறது. காப்பியச் சுவையில் திளைத்த மன்னனும் வீரகதையை வேண்டிய போர்வீரரும் ஏறத்தாழ ஒரே நிலையில் நிற்கின்றனர். இருவரிடமும் இருந்த கதைவேட்கை அழிக்கப்படவில்லை. வேறொரு பொருளை நோக்கித் திருப்பப்பட்டது. இவ்விரண்டுக்கும் நேரடித் தொடர்பு உண்டு என்பது இக்கட்டுரையின் கருத்தன்று. வாசகரின் கதைவேட்கையையே நம்பிக்கையின் வாயிலாகக் கொள்ளும் அணுகுமுறை இருமரபிலும் காணப்படுகிறது என்பதே இங்கு வலியுறுத்தப்படுகிறது. இத்தகு மரபில் ஊறிய தமிழ்ச்சூழலில் ‘அடியார்’ என்னும் சொல் கிறித்தவப் புனிதரையும் குறிக்க இயன்றது வியப்பன்று.

பின்பற்றலின் இடர்

அடியார் வரலாற்று வாசிப்பில் இடரும் உண்டு. அதற்கும் இஞ்ஞாசியாரே சான்று. தொடக்கத்தில் அவர் புனிதர்களின் கடுந்தவங்களை விஞ்ச விரும்பினார். மன்ரேசாவில் முடியையும் நகத்தையும் பேணாது விட்டார்; கடும் நோன்பால் உடலை வருத்தினார்; பாவ ஐயத்தால் அலைக்கழிந்தார். பணிவு, அன்பு, பொறுமை ஆகியன யாவை என்பதை அறியாமல் புறச்செயலின் பெருமையையே அந்நாளில் தாம் நோக்கியதாகப் பின்னாளில் அவரே தம் வரலாற்றில் ஒப்புக்கொள்கிறார். வீரகதையின் போட்டியுணர்வு புனிதர் கதைக்குள்ளும் அவரைத் தொடர்ந்து வந்தது. செயலைப் பின்பற்றுவதிலிருந்து செயலுக்கு அடிப்படையான உள்ளத்தைப் பெறுவதற்கு நகர அவருக்குக் காலம் தேவைப்பட்டது.

கண்ணப்பர் வரலாற்றைச் சேக்கிழார் அமைத்துள்ள முறையும் இதனையே உணர்த்துகிறது. இறைச்சி படைத்தலோ கண்ணை அகழ்தலோ அங்குப் பின்பற்றற்குரிய நெறியாக வைக்கப்படவில்லை. ஆகமநெறி பிழையாத சிவகோசரியார் மறைந்து நின்று காணுமாறு செய்யப்படுவது அச்செயல்களின் அடியிலுள்ள அன்பே. சிவகோசரியார் நிற்கும் இடமே வாசகருக்கும் உரிய இடம்.

மற்றோர் இடர், வரலாற்று மெய்ம்மை பற்றியது. இடைக்காலப் புனிதர் கதைகளில் புனைவு மிகுந்துள்ளமை வெளிப்படை. வரலாறு ஐயத்துக்குரியதாயின் அதன்வழி எழுந்த நம்பிக்கை நிலைக்குமா என வினவலாம். இவ்வினா சமயத்துக்கு வெளியிலிருந்து மட்டும் எழவில்லை. பொல்லாந்து முதலிய இயேசு சபை அறிஞர்கள் 1643ஆம் ஆண்டு முதல் அந்துவெர்ப்பில் வெளியிட்ட ‘ஆக்தா சாங்க்தோரும்’ தொகுதிகளில் புனிதர் வரலாற்று மூலங்களைத் திறனாய்வுக்கு உட்படுத்தினர். அடியார் வரலாற்றால் உருவான ஒரு சபையே அதனை ஆராயும் அறிவுப்பணியையும் ஏற்றமை குறிப்பிடத்தக்கது. வரலாற்றைச் சோதித்தறிதல் நம்பிக்கைக்குப் பகையன்று என்பதற்கு இது போதிய சான்றாகும்.

அண்மை வாழ்வின் ஆற்றல்

தொலைவான காலத்துப் புனிதரைவிட அண்மையில் வாழ்ந்தவரின் வரலாறு வாசகரை வேறுவகையில் தொடுகிறது. திருவிதாங்கூர் அரசில் பணியாற்றிய நீலகண்டபிள்ளை பொருளிழப்பால் கலங்கியிருந்தபோது, 1741ஆம் ஆண்டு குளச்சல் போரில் தோற்றுப் பின்னர் அவ்வரசின் படைப்பணியில் சேர்ந்த தெலனாய், விவிலியத்தின் யோபு வரலாற்றை அவருக்கு எடுத்துரைத்தார் என மரபு கூறுகிறது. உடைமையையும் மக்களையும் இழந்தும் இறைவனைக் கைவிடாத ஒருவரின் கதை, துன்பம் தெய்வத்தின் வெறுப்புக்கு அடையாளம் அன்று என அவருக்கு உணர்த்தியது. 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆன அவர், 1752 சனவரி 14 அன்று காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று புனிதராக அறிவிக்கப்பட்டார்.

யோபுவின் வாழ்வைக் கேட்டவரின் வாழ்வே இன்று தென்குமரி மக்கள் கேட்கும் வாழ்வாயிற்று. காற்றாடிமலையைக் கண்ணால் காணும் வாசகர், இஃது எங்கோ எவருக்கோ நிகழ்ந்தது என ஒதுக்கிவிட இயலாது.

குருதி சிந்திய சாட்சிகள் மட்டுமே அண்மை வாழ்வு ஆவதில்லை. தோனாவூரில் பணியாற்றிய ஏமி கார்மைக்கேல், தம் உடனுழைப்பாளரான பொன்னம்மாளின் வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதி 1918இல் வெளியிட்டார். இளம் கைம்பெண்ணான பொன்னம்மாள் நெய்யூரில் குழந்தைகள் காப்பகத்தைப் பொறுப்பேற்று நடத்திப் புற்றுநோயால் 1915இல் மறைந்தவர். அவர் வாழ்வில் அருஞ்செயல் என எடுத்தோத வேண்டுவது பாலூட்டலும் கண்விழித்தலும் நோய்பொறுத்தலுமே. சிறுபணிகளிலேயே வாழ்நாளைக் கழிக்கும் பெரும்பாலான வாசகர், பாலைவனத் துறவியின் தவத்தில் காணாத தம் முகத்தை இத்தகு வாழ்வில் காண்பர். அடியார் வரலாற்று மரபில் பெண்களின் அன்றாட உழைப்பு இடம்பெறும்போது பின்பற்றற்குரிய வாழ்வு என்பதன் எல்லையே விரிவடைகிறது.

முடிவுரை

இதுவரை நோக்கியவற்றால் கிறித்தவ அடியார் வரலாற்று வாசிப்பு மூன்று நிலைகளில் நம்பிக்கையை உருவாக்குவது புலப்படும். முதல்நிலையில் அது ‘நானும் செய்தால் என்ன?’ என்னும் விழைவை எழுப்புகிறது. இரண்டாம் நிலையில் அவ்விழைவு நிலையானதா, கணப்பொழுதுக் கிளர்ச்சியா என வாசகர் தம்மைத் தாமே தேர்ந்து தெளியச் செய்கிறது. மூன்றாம் நிலையில், புறச்செயலைப் படியெடுக்கும் முயற்சி தளர்ந்து, அச்செயலைப் பிறப்பித்த அன்பைத் தம் சூழலுக்கேற்ப வாழ்ந்துகாட்டும் முதிர்ச்சி தோன்றுகிறது. முதல்நிலையோடு நின்றுவிடும் வாசிப்பு வீண்போட்டிக்கும் தன்வருத்தத்துக்கும் இடமளிக்கும் என்பதை இஞ்ஞாசியாரின் மன்ரேசா நாள்களே எச்சரிக்கின்றன.

புன்னைக்காயல் நூல் இந்நோக்கில் மீள்வாசிப்புக்கு உரியது. எந்தப் புனிதரின் எந்தச் செயல் முத்துக்குளித்துறை மக்களுக்கு விரித்துரைக்கப்பட்டது, எது சுருக்கப்பட்டது, கேட்போரின் உள்ளத்தை நோக்கி நூல் எங்கெங்குத் திரும்பிப் பேசுகிறது என்பன தனித்து ஆராயத்தக்கவை. அச்சு வரலாற்றின் மைல்கல் என்னும் சிறப்போடு, கடலோடு போராடி வாழ்ந்த ஒரு மக்கள்கூட்டத்தின் கையில் நம்பிக்கைத் துணையாகத் தரப்பட்ட நூல் என்னும் நிலையிலும் அதனை அணுகும்போதே, அதை ஆக்கியவரின் உழைப்பு முழுமையாக விளங்கும்.