தொட்டி நீரின் மூச்சு

சிலாபத்திலிருந்து புத்தளம் வரை நீளும் கரையோரத்தில், முந்தலையும் உடப்பையும் அண்டிய இறால் பண்ணைகளில், குளத்து நீரை அறைந்து சுழலும் துடுப்புச் சக்கரங்கள் விடியலுக்கு முந்திய நேரத்தில் நிறுத்தப்படாமல் ஓடுவதற்கும், அதே ஊர்களில் கண்ணாடித் தொட்டியொன்றை வாங்கிக் கப்பியும் தங்கமீனும் வளர்க்கத் தொடங்குபவர் ஒரு காலையில் செத்து மிதக்கும் மீன்களைக் காண்பதற்கும் பெரும்பாலும் அடிப்படை ஒன்றே: நீரில் கரைந்து நிற்கும் ஒட்சிசன் மிகச் சொற்பம், அது தீர்வதோ வெகு விரைவு. பண்ணைக்காரர் இதை முதலீட்டை இழந்து கற்றுக்கொண்டவர்; வீட்டில் வளர்ப்பவர் அந்தப் பாடத்தை இழப்பின்றியே கடன் வாங்கலாம்.

முப்பது பாகை செல்சியஸ் வெப்பத்தில் ஒரு லீற்றர் காற்றில் ஏறக்குறைய 270 மில்லிகிராம் ஒட்சிசன் உண்டு. அதே வெப்பத்தில் ஒரு லீற்றர் நன்னீர், தன்னால் இயன்ற மட்டும் உறிஞ்சிக்கொண்ட பின்னரும், ஏழரை மில்லிகிராம் அளவையே வைத்திருக்கும். இருபது பாகையில் இது ஒன்பது மில்லிகிராமாக இருக்கும் என்பதால், நீர் சூடேறச் சூடேற அதன் கொள்ளளவு சுருங்குகிறது என்பது விளங்கும். மீனோ குளிர்குருதிப் பிராணியாகையால், நீர் சூடேறும்போது அதன் உடலியக்கம் விரைந்து, ஒட்சிசன் தேவை கூடுகிறது. வரவு குறையும் வேளையிலேயே செலவு ஏறுகிற இந்த நெருக்கடி, ஆண்டின் பெரும்பகுதியும் வெப்பம் குறையாத புத்தளக் கரையில் இடைக்கிடை வந்துபோவதன்று, நாளாந்த நிலைமை. உப்பும் இதற்குத் துணைபோகிறது: முப்பது பாகைக் கடல்நீரின் கொள்ளளவு ஆறு மில்லிகிராமுக்குச் சற்றே மேல் என்பதால், கரையோரக் கிணறுகளின் உவர்நீரைத் தொட்டியில் நிரப்புபவர் அந்தக் குறைவில் ஒரு பங்கையும் சேர்த்தே நிரப்புகிறார். மேலும், நிலத்தடியில் காற்றுப்படாமல் கிடந்த கிணற்றுநீர் இறைத்த கையோடு ஒட்சிசன் குறைந்ததாகவே இருக்கக்கூடும். அதை அகன்ற பாத்திரத்தில் ஓரிரவு வைத்து, வாளியிலிருந்து வாளிக்கு உயரத்திலிருந்து சில தடவை ஊற்றிய பின் பயன்படுத்துவதே நன்று.

நீருக்குள் ஒட்சிசன் நுழையும் வாசல் எது என்பதில்தான் புதியவர்கள் பெரிதும் ஏமாறுகிறார்கள். காற்றுப் பம்பி, அதாவது கடைப்பேச்சில் மோட்டர் என்று சொல்லப்படும் சிறு பெட்டி, குழாய்வழியே அனுப்பும் காற்று தொட்டியடியில் கிடக்கும் நுண்துளைக் கல்லில் குமிழிகளாய்ச் சிதறி மேலேறும் காட்சியைப் பார்ப்பவர், ஒட்சிசன் முழுவதும் அக்குமிழிகளிலிருந்தே கரைவதாக எண்ணுகிறார். ஆனால் முப்பது சென்ரிமீற்றர் ஆழத்தைக் குமிழி ஓரிரு விநாடியில் கடந்துவிடுகிறது. அந்த இமைப்பொழுதில் கரைவது கொஞ்சமே. குமிழியின் உண்மையான வேலை, அடியிலுள்ள நீரைத் தன்னோடு மேலே இழுத்து வந்து நீர்மட்டத்தைக் கலைப்பதாகும். அசையாத நீரில் ஒட்சிசன் பரவும் வேகம் காற்றில் பரவுவதைவிட ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு குறைவு என்பதால், மேற்பரப்பு எவ்வளவு உறிஞ்சினாலும், நீர் புரளாவிட்டால் அது அடிமட்டத்துக்குப் போய்ச் சேருவதில்லை. சுமார் 327 சதுர கிலோமீற்றர் பரந்து, சராசரியாக ஓரிரு மீற்றர் ஆழமே கொண்ட புத்தளம் களப்பு, சோளகம் வீசும் மாதங்களில் எவருடைய மோட்டரும் இன்றி இந்த வேலையைத் தானே செய்துகொள்கிறது. அகலம், ஆழக்குறைவு, காற்று ஆகிய மூன்றும் அதற்கு வாய்த்திருக்கின்றன. கூடத்து மூலையில் மூடிபோட்டு வைத்த தொட்டிக்கு அவற்றில் ஒன்றும் தானாக வாய்ப்பதில்லை.

எனவே தொட்டியை வாங்கும்போதே அதன் உருவத்தைப் பார்க்க வேண்டும். அறுபது சென்ரிமீற்றர் நீளமும் முப்பது அகலமும் முப்பது உயரமும் கொண்ட தொட்டி 54 லீற்றர் கொள்ளும். அதன் நீர்மட்டம் 1800 சதுர சென்ரிமீற்றர். அதே தொட்டியை நிமிர்த்தி வைத்தாற்போன்று ஒடுங்கி உயர்ந்த தொட்டியும் 54 லீற்றரே கொள்ளும், ஆனால் நீர்மட்டம் 900 ஆகப் பாதியாகிவிடும். வெப்பநீர் மீன்களுக்கு, வாலை விட்டுக் கணக்கிடும் உடல் நீளத்தில் ஒவ்வொரு சென்ரிமீற்றருக்கும் முப்பது சதுர சென்ரிமீற்றர் நீர்மட்டம் வேண்டும் என்பது மீன் வளர்ப்போரின் பழைய கணக்கு. அதன்படி முதலாவது தொட்டி, மூன்று சென்ரிமீற்றர் மீன்கள் இருபதைத் தாங்கும். இரண்டாவது பத்தோடு நின்றுவிடும். தங்கமீனுக்கு இதைப்போல் இரண்டரை மடங்கு இடம் வேண்டும். இது துல்லியமான விதியன்று, வடிகட்டியும் பம்பியும் இருந்தால் சற்று நெகிழும். என்றாலும், புதியவர் இந்த எல்லைக்குள் நிற்பதே மேல். கழுத்து ஒடுங்கிய கண்ணாடிக் குடுவையில் வாய்மட்டும் நீர் நிரப்பித் தங்கமீன் விற்கும் வழக்கம் இந்தக் கணக்கின்முன் ஒரு நாளும் நிற்காது. அது அலங்காரமே தவிர வளர்ப்பன்று.

தொட்டியில் ஒட்சிசனைச் செலவிடுவது மீன் மட்டுமன்று என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. மீனின் கழிவிலும் மிஞ்சிய இரையிலும் உண்டாகும் அமோனியாவை, வடிகட்டியில் குடியிருக்கும் பற்றீரியாக்கள் முதலில் நைத்திரைற்றாகவும் பின்னர் தீங்கு குறைந்த நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன; அமோனியாவிலுள்ள ஒரு கிராம் நைதரசனை இவ்வாறு மாற்றி முடிக்க நாலரைக் கிராமுக்கு மேற்பட்ட ஒட்சிசன் வேண்டும். ஆகவே ஒரு பிடி இரை கூடிப்போனால் அதை உண்ணும் மீனும், அதன் மீதியை அழுகச் செய்யும் நுண்ணுயிர்களும், அவற்றின் விளைவைத் துப்புரவாக்கும் பற்றீரியாக்களும் ஒரே பையிலிருந்து செலவழிக்கின்றன. நீர்த்தாவரங்கள் பகலில் ஒளித்தொகுப்பால் ஒட்சிசனை வெளியிட்டாலும், விளக்கு அணைந்தபின் அவையும் சுவாசிக்கும் உயிர்களே. மோட்டரின் இரைச்சல் தாங்காமல் உறங்கப்போகுமுன் அதை நிறுத்திவிடும் வீடுகளில், செடியும் மீனும் இரவெல்லாம் எடுத்துக்கொண்டு ஒன்றும் திருப்பித் தராமையால், விடியற்காலையில் ஒட்சிசன் ஆகக் கீழ்மட்டத்துக்கு வருகிறது. சக்கரங்களை இரவில் ஓடவிடும் பண்ணைக்காரரின் கணக்கும் இதுதான். நிறுத்தியே ஆகவேண்டுமானால் பகலில் நிறுத்தலாம், இரவில் கூடாது.

மீன்கள் நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவது மூச்சுத்திணறலின் அடையாளம் என்றாலும், அது தோன்றும் நேரத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். விடியலில் தோன்றிப் பகலில் மறைந்தால் குறை ஒட்சிசனிலேயே இருக்கக்கூடும். நாள் முழுவதும் பம்பி ஓடியும் தணியாவிட்டால், புதிய தொட்டிகளில் பெரும்பாலும் சந்தேகிக்க வேண்டியது நைத்திரைற்றை. அது குருதியில் கலந்து, ஒட்சிசனைச் சுமக்கும் ஹீமோகுளோபினைச் சுமக்க முடியாததாக்கிக் குருதியையே மண்ணிறமாக்குவதால், நீரில் ஒட்சிசன் நிறைந்திருந்தும் மீன் திணறுகிறது. அங்கே இன்னொரு மோட்டர் வாங்குவதால் பயன் சொற்பம். நீரில் ஒரு பகுதியை மாற்றி, இரையை நிறுத்துவதே மருந்து.

இந்தத் தொல்லைகளுக்குப் பெரிதும் விலக்கான மீன்களும் உண்டு. சண்டை மீனும் குராமியும் செவுளுக்கு மேலே மடிப்பு மடிப்பான ஒரு சுவாச உறுப்பைக் கொண்டிருப்பதால், மேலே வந்து காற்றை விழுங்கியே ஒட்சிசன் பெறுகின்றன. நம் குளங்களின் பனையேறிக் கெண்டையும் இவ்வகையே. 1791இல் தரங்கம்பாடியில் டேனியக் கம்பனியின் சேவையிலிருந்த டால்டோர்ப் என்பவர் அம்மீன் பனையில் ஏறக் கண்டதாக எழுதிய குறிப்பை விலங்கியலார் நெடுங்காலம் நம்புவதா விடுவதா என்று பேசிக்கொண்டிருந்தார்கள். இம்மீன்கள் உள்ள தொட்டியில் நீரை விளிம்புவரை நிரப்பாமல் மூடிக்குக் கீழே காற்றுக்கு இடம் விடவேண்டும். மின்வெட்டு அடிக்கடி வரும் வீட்டில் முதல் மீனாகச் சண்டை மீனை வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

மின்வெட்டு இங்கே கற்பனைப் பயமன்று. 2022 மார்ச் இறுதியில் இலங்கையில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின்சாரம் துண்டிக்கப்பட்டது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி, பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கொன்று பட்டதால் என்று அரசு விளக்கிய கோளாறில் நாடே இருண்டது. அதைத் தொடர்ந்து, நுரைச்சோலையின் 900 மெகாவாற் அனல்மின் நிலையம் ஓய்ந்துபோனதால், அடுத்து வந்த நாட்களிலும் வெட்டு நீடித்தது. மின்சாரம் நின்றதும் தொட்டியின் மூடியைத் திறந்து, இரை போடாமல், ஒரு குவளையால் நீரை அள்ளி ஒரு சாண் உயரத்திலிருந்து திரும்ப ஊற்றுவதை ஐந்து நிமிடம் செய்து, அரை மணிக்கொரு தடவை திருப்பிச் செய்ய வேண்டும். மின்கலத்தில் இயங்கும் சிறு பம்பி இருந்தால் இன்னும் நல்லது. காற்றுப் பம்பியை நீர்மட்டத்துக்கு மேலே வைக்காதவர்கள் குழாயில் ஒருவழி வால்வு பொருத்தியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் பம்பி நின்றதும் நீர் குழாய்வழியே பின்வாங்கி அதற்குள் இறங்கும். மூடிய பெட்டி வடிகட்டி வைத்திருப்பவர்கள், சில மணிநேர வெட்டுக்குப்பின் மின்சாரம் வந்தவுடனே அதை ஓடவிடாமல், உள்ளே தேங்கி ஒட்சிசன் வற்றிய நீரை முதலில் வெளியே கொட்டிவிடுங்கள்.